72 மேளகர்த்தா முறை: சென்னைப் பதிப்புகளின் வழி ஒரு மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்திய இசையின் இராகங்கள் 72 மேளகர்த்தாக்களின் கீழ் வகுக்கப்பட்டுப் பயிற்றுவிக்கப்படுகின்றன. இம்முறைக்கு அடிப்படையான இரு நூல்கள் சென்னையில் 4 ஆண்டு இடைவெளியில் அச்சேறின. வேங்கடமகியின் 'சதுர்தண்டி பிரகாசிகை'யை மியூசிக் அகாதெமி 1934இலும், கோவிந்தரின் 'சங்கிரக சூடாமணி'யை அடையாறு நூலகம் 1938இலும் வெளியிட்டன. இவ்விரு நூல்களின் வழி வளர்ந்த மரபுகள் ஒரே வகைப்பாட்டின் இரு வடிவங்களாகக் கருதப்படினும், அவை இருவேறு வினாக்களுக்கு விடை தேடியவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 72 மேளம் என்பது சுர அடைவுகளின் வகைப்பாடு. இராகங்களின் பிறப்பு வரலாறு அன்று. இவ்வேறுபாட்டை மறந்து 'தாய்', 'சேய்' என்னும் உறவுச்சொற்களை நேர்பொருளில் கொள்வதால் நேரும் பிழைகள் முகாரி, காம்போதி, ஆனந்தபைரவி முதலிய இராகங்களின் வழியும், ஏழ்பாலை, சீகாமரப் பண் ஆகியவற்றின் வழியும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

முதன்மைச் சொற்கள்: மேளகர்த்தா, இராகாங்கம், சதுர்தண்டி பிரகாசிகை, சங்கிரக சூடாமணி, ஏழ்பாலை, பண், அந்நிய சுரம்

முன்னுரை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இசை பயிலும் மாணவர் ஒருவர் ஓர் இராகத்தைக் கற்கும்போது முதலில் மனனம் செய்வது அதன் மேள எண்ணையே. 'முகாரி, 22ஆம் மேளமான கரகரப்பிரியாவின் ஜன்யம்' என்பது போன்ற தொடர்கள் தேர்வுத்தாளிலும் பாடநூலிலும் ஐயத்திற்கு இடமற்ற உண்மைகளாக நிற்கின்றன. ஆயின், 72 மேளங்களை முதன்முதலில் கணித்துரைத்த நூலில் முகாரி 22ஆம் மேளத்தின் சேய் அன்று. அதுவே முதல் மேளத்தின் தலைமை இராகம். அந்நூலில் கரகரப்பிரியா என்னும் பெயரே இடம்பெறவில்லை. ஒரே முறையின் தொடக்கத்திற்கும் இன்றைய நிலைக்கும் இடையே இத்துணைப் பெரிய மாற்றம் நேர்ந்தது எவ்வாறு? அம்மாற்றத்தால் பெற்றதும் இழந்ததும் யாவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. 72 என்னும் எண்ணின் அமைப்பு

ஒரு தாயியில் சுரத்தானங்கள் 12. இவற்றுள் சட்சமும் பஞ்சமமும் மாறாதவை. மத்திமம் சுத்தம், பிரதி என இருவகைப்படும். சட்சத்திற்கும் சுத்த மத்திமத்திற்கும் இடையே நான்கு தானங்கள் உள்ளன. இந்நான்கினுள் இரண்டைத் தேர்ந்து, தாழ்ந்ததை ரிஷபம் என்றும் உயர்ந்ததை காந்தாரம் என்றும் கொண்டால் 6 இணைகள் கிடைக்கும். பஞ்சமத்திற்கு மேலுள்ள நான்கு தானங்களிலும் இவ்வாறே தைவத நிஷாத இணைகள் 6 அமையும். முற்பகுதி இணை ஒவ்வொன்றும் பிற்பகுதி இணை ஒவ்வொன்றோடும் சேர 36. மத்திம வேறுபாட்டால் அது இரட்டித்து 72 ஆகும். ரிஷப காந்தார இணை ஒன்றிற்கு ஒரு சக்கரமாக, இந்து முதல் ஆதித்தியம் ஈறாக 12 சக்கரங்கள் வகுக்கப்பட்டன.

இந்த அமைப்பில் ஒரே தானம் இரு பெயர் பெறுகிறது. சதுசுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே தானம். சட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே தானம். எனவே 12 தானங்களுக்கு 16 பெயர்கள் வழங்குகின்றன. சுத்த காந்தாரம், சட்சுருதி ரிஷபம், சுத்த நிஷாதம், சட்சுருதி தைவதம் ஆகிய நான்கும் விவாதி சுரங்கள் எனப்படும். 6 இணைகளுள் விவாதி இல்லாதவை 4. ஆகவே இருபுறமும் விவாதி அற்ற மேளங்கள் 4 × 4 × 2 = 32 மட்டுமே. எஞ்சிய 40 மேளங்களிலும் விவாதி சுரம் உண்டு. எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட மேளங்கள், நடைமுறை இசையில் அரிதாகப் பயிலும் சுரச்சேர்க்கைகளைக் கொண்டவை என்பது இதனால் புலப்படும். வழக்கிலுள்ள இராகங்களைத் தொகுத்து இந்த எண் பெறப்படவில்லை. கணக்கின் வழியே பெறப்பட்டது.

2. வேங்கடமகியும் 19 மேளங்களும்

மேளம் என்னும் கருத்து வேங்கடமகிக்கு முற்பட்டது. விசயநகரச் சூழலில் 1550இல் இராமாமாத்தியர் இயற்றிய 'சுவரமேளகலாநிதி' 20 மேளங்களைக் கூறுகிறது. 1609இல் சோமநாதர் இயற்றிய 'இராகவிபோதம்' 23 மேளங்களைக் கூறுகிறது. வழக்கிலிருந்த இராகங்களைச் சுர ஒற்றுமையால் குழுக்களாக்கியபோது கிடைத்த எண்ணிக்கைகள் இவை.

தஞ்சை நாயக்க மன்னர் விசயராகவர் ஆதரவில், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோவிந்த தீட்சிதரின் மகனான வேங்கடமகி சதுர்தண்டி பிரகாசிகையை இயற்றினார். ஆலாபம், டாயம், கீதம், பிரபந்தம் என்னும் நான்கு தண்டிகளை விளக்குவதே நூலின் பெயர்க்காரணம். மேளங்களைப் பற்றிய பகுதியில் அவர் 72 மேளங்களைக் கணித்துக் காட்டி, இவ்வெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ சிவபெருமானாலும் இயலாது என்னும் பொருள்பட உரைத்தார். ஆயின் தம் காலத்து வழக்கிலிருந்தவை 19 மேளங்களே என்றும் வரையறுத்தார். எஞ்சியவை பிற நாட்டிலும் பிற்காலத்திலும் தோன்றக்கூடிய இராகங்களுக்கு இடம் தருவன என்பது அவர் கருத்து.

இந்த 19 மேளங்களும் அவ்வவற்றில் புகழ்பெற்ற இராகத்தின் பெயரால் சுட்டப்பட்டன. முதல் மேளம் முகாரி, 15 கௌளை, 20 பைரவி, 22 ஸ்ரீ, 28 காம்போதி, 29 சங்கராபரணம், 36 நாட்டை, 65 கல்யாணி. 58ஆம் மேளத்திற்குரிய சிம்மாரவம் அவரே உருவாக்கிய இராகமாகும். எனவே வேங்கடமகியின் நூலில் இரு செயல்கள் அருகருகே நிகழ்கின்றன. ஒன்று, இயலக்கூடிய சுர அடைவுகள் அனைத்தையும் கணிப்பது. மற்றொன்று, வழங்கும் இராகங்களைக் குழுவாக்குவது. இவ்விரண்டையும் அவர் ஒன்றெனக் குழப்பவில்லை. 53 இடங்களை அவர் பெயரிடாது விட்டமையே இதற்குச் சான்று.

3. இரண்டு பெயர்நிரல்கள்

பெயரற்ற இடங்களுக்கும் பெயர் சூட்டும் முயற்சி அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்தது. வேங்கடமகியின் வழிவந்த முத்துவேங்கடமகி பெயரோடு தொடர்புறுத்தப்படும் நிரல் கனகாம்பரி, பேனத்யுதி எனத் தொடங்குவது. முத்துசாமி தீட்சிதரின் உருப்படிகள் இந்நிரலைத் தழுவியவை. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இந்நிரலை முழுமையாகக் காட்டுகிறது. இங்கு ஒவ்வொரு குழுவின் தலைமை இராகமும் 'இராகாங்கம்' எனப்படும். அது ஏறுநிரலிலும் இறங்குநிரலிலும் ஏழு சுரங்களையும் முறையாகப் பெற வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 22ஆம் இராகாங்கமாகிய ஸ்ரீ இராகம் ஏறுநிரலில் காந்தார தைவதங்களை விலக்குவது. கனகாம்பரியும் ஏறும்போது காந்தார நிஷாதங்களை விலக்கி, விவாதி சுரங்கள் அடுத்தடுத்து வருவதைத் தவிர்க்கிறது.

இரண்டாவது நிரல் கனகாங்கி, ரத்னாங்கி எனத் தொடங்குவது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கோவிந்தரின் சங்கிரக சூடாமணி இதன் முதன்மை நூல். இங்கு மேளகர்த்தா ஒவ்வொன்றும் இருநிரலிலும் ஏழு சுரங்களை வரிசை பிறழாது பெறும். தியாகராசரின் உருப்படிகள் பயிலும் இராகங்கள் பலவற்றிற்கு இந்நூலின் இலக்கணம் பொருந்தியது. 72 மேள இராகமாலிகையை அமைத்த மகா வைத்தியநாத ஐயரும் (1844–1893), 72 மேளங்களிலும் தமிழ் உருப்படிகள் கொண்ட 'கந்தகானாமுத'த்தை இயற்றிய கோடீஸ்வர ஐயரும் பின்பற்றியது இந்நிரலையே.

இரு நிரல்களும் மேள எண்ணைப் பெயருள் பொதிந்து வைக்கக் கடபயாதி முறையைக் கையாள்கின்றன. பெயரின் முதலிரு எழுத்துகளுக்குரிய எண்களைத் தலைகீழாக்கினால் மேள எண் கிடைக்கும். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1; திருப்பினால் 15. இம்முறை வடமொழி எழுத்து வரிசையைச் சார்ந்தது என்பதைத் தமிழில் பயில்வோர் நினைவில் கொள்ள வேண்டும். கரகரப்பிரியாவின் முதலெழுத்து வடமொழியின் இரண்டாம் ககரம். அதன் மதிப்பு 2. அடுத்த ரகரமும் 2, ஆகவே 22. தமிழ் எழுத்தில் உள்ளவாறே முதற் ககரமாகக் கொண்டால் 21 எனப் பிழைபடும். அது கீரவாணியின் எண். கானமூர்த்தியின் முதலெழுத்து மூன்றாம் ககரமாதலால் அது 3ஆம் மேளம். தமிழெழுத்தின்படி கணித்தால் கனகாங்கியின் இடமான 1 கிடைக்கும். கூட்டெழுத்துகளிலும் ஒரே விதி செல்லவில்லை. ரத்னாங்கியில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் எண்ணப்பட்டு 2 பெறப்படுகிறது. சக்கரவாகத்தில் முதல் மெய் எண்ணப்பட்டு 16 பெறப்படுகிறது.

4. சென்னையில் அச்சேறிய இரு நூல்கள்

1927 டிசம்பரில் சென்னையில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. 1930 முதல் அதன் ஆய்விதழ் வெளிவந்தது. ஆண்டுதோறும் கூடிய வல்லுநர் அவையில் இராக இலக்கணங்கள் ஒவ்வொன்றாக விவாதிக்கப்பட்டன. பாடுவோரும் நூலறிஞரும் ஒரே அவையில் அமர்ந்து, ஓர் இராகத்தில் எச்சுரம் எவ்விடத்தில் வரும் என்று வழக்கையும் நூலையும் ஒப்பிட்டு முடிவு காண முயன்றனர். இன்று மயிலாப்பூரை ஒட்டிய டி.டி.கே. சாலையில் இயங்கும் இவ்வமைப்பு 1934இல் சதுர்தண்டி பிரகாசிகையை வெளியிட்டது. பண்டிதர் எஸ். சுப்பிரமணிய சாஸ்திரி, டி.வி. சுப்பராவ், டி.எல். வேங்கடராம ஐயர் ஆகியோர் அதன் பதிப்பாசிரியர்கள்.

பிரம்மஞான சபையின் வளாகத்தில் 1886இல் நிறுவப்பெற்ற அடையாறு நூலகம் 1938இல் சங்கிரக சூடாமணியை வெளியிட்டது. இதனையும் பதிப்பித்தவர் அதே பண்டிதர் எஸ். சுப்பிரமணிய சாஸ்திரியே. வேங்கடகவியின் 'பாகத்தர மேளகர்த்தா' என்னும் சிறுநூலும் அதனுடன் இடம்பெற்றது. இவ்வாறு, ஒரே நகரில், ஒரே பதிப்பாசிரியரின் உழைப்பால், இருவேறு மரபுகளின் மூலநூல்களும் ஆய்வாளர் கைக்கு எட்டின.

இப்பதிப்புகள் வெளிவருவதற்கு முன்னரே கனகாங்கி நிரல் வழக்கில் மேலோங்கிவிட்டது. தியாகராசரின் மாணவர் பரம்பரை பரந்துபட்டது. அவருடைய உருப்படிகளே கச்சேரிகளின் முதன்மைப் பகுதியாயின. மேலும், ஒரே விதிக்கு அடங்கும் நிரலைப் பயிற்றுவிப்பது எளிது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசையைப் பயிற்றுவித்த பி. சாம்பமூர்த்தியின் பாடநூல்களும் பிற கல்வி நிறுவனங்களின் பாடத்திட்டங்களும் இந்நிரலையே அடிப்படையாக்கின. கனகாம்பரி நிரல் தீட்சிதர் உருப்படிகளின் பெயர்களில் மட்டும் எஞ்சியது. இரு மூலநூல்களையும் ஒப்பிட்டு ஆராயும் வாய்ப்பைப் பதிப்புகள் அளித்தபோது, பாடத்திட்டம் அவற்றுள் ஒன்றை முன்னரே தேர்ந்துவிட்டிருந்தது.

5. தாயினும் மூத்த சேய்கள்

மேளகர்த்தா 'ஜனகம்', அதாவது தாய் என்றும், அதன் கீழ் அமைவன 'ஜன்யம்', அதாவது சேய் என்றும் வழங்கப்படுகின்றன. வரலாற்று நோக்கில் இவ்வுறவு பல இடங்களில் தலைகீழாக உள்ளது. காம்போதி வேங்கடமகியின் நூலில் 28ஆம் மேளத்தின் தலைமை இராகம். இன்று அது அரிகாம்போதியின் சேய். காம்போதி என்னும் பெயரோடு எண்ணுக்காக 'அரி' என்னும் முன்னொட்டு சேர்த்தே தாயின் பெயர் ஆக்கப்பட்டது. ஸ்ரீ இராகமும் அவ்வாறே 22ஆம் மேளத்தின் தலைமையை இழந்து, கரகரப்பிரியாவின் சேயாயிற்று. கரகரப்பிரியா பாடுதற்குரிய பேரிராகமாக நிலைபெற்றது தியாகராசரின் உருப்படிகளுக்குப் பின்னரே.

முகாரியின் நிலை இன்னும் சிக்கலானது. இராமாமாத்தியரும் வேங்கடமகியும் கூறும் முகாரி, சுத்த சுரங்கள் ஏழையும் கொண்ட முதல் மேளம். இன்றைய முகாரி சதுசுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் கொண்டது. ஏறுகையில் சதுசுருதி தைவதமும் இறங்குகையில் சுத்த தைவதமும் பெறுவது. பெயர் ஒன்று, சுர அடைவுகள் இரண்டு. மேள எண்ணை மட்டும் கற்கும் மாணவருக்கு இவ்விடைவெளி புலப்படாது. பழைய நூலைப் பயிலும்போது அது நூலின் பிழையாகவே தோன்றக்கூடும்.

வகைப்பாடு இராகத்தின் மீது தீர்ப்பாக மாறும் இடம் 'அந்நிய சுரம்' என்னும் கருத்தாகும். தாய் மேளத்தில் இல்லாத சுரத்தைப் பெறும் இராகம் பாஷாங்கம் என்றும், அச்சுரம் அந்நிய சுரம் என்றும் இன்று வழங்கப்படுகின்றன. பைரவி 20ஆம் மேளமான நடபைரவியின் கீழ் வைக்கப்பட்டமையால், அதன் ஏறுநிரலில் இயல்பாக ஒலிக்கும் சதுசுருதி தைவதம் அந்நியம் எனப்படுகிறது. ஆனந்தபைரவியும் இம்மேளத்தின் கீழ் வைக்கப்படுவது உண்டு. ஆயின் இன்று அவ்விராகத்தில் மிகுதியாக ஒலிப்பது சதுசுருதி தைவதமே. மேளத்திற்கு உரியதாகிய சுத்த தைவதம் அருகியே வருகிறது. இராகத்தில் வேரூன்றிய சுரம் அந்நியம் எனவும், அரிதாக வருவது உரியது எனவும் கொள்ளும் நிலை இங்கு உண்டாகிறது. இவற்றில் 'அந்நியம்' என்பது இராகத்தின் பண்பு அன்று. அதனை வைத்த இடத்தின் பண்பு.

சகானா மற்றொரு சான்று. சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அதனை 22ஆம் மேளத்தில் வைக்கிறது. இன்றைய பாடநூல்கள் 28இல் வைக்கின்றன. காந்தாரத்தின் வழக்கு மாறியதே காரணம். இரு வகைப்பாடுகளையும் அருகருகே வைத்துக் காணும்போதுதான் அம்மாற்றம் வரலாற்றுச் செய்தியாகிறது. ஒன்றைச் சரி என்றும் மற்றதைப் பிழை என்றும் தள்ளிவிட்டால் அச்செய்தி மறைந்துவிடும்.

6. ஏழ்பாலை: வேறொரு வகைப்பாட்டு நெறி

தமிழிசை மரபின் ஏழ்பாலை அமைப்பு மேள முறையின் எல்லையைத் தெளிவாகக் காட்ட வல்லது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் கூறும் இம்முறையில், ஒரே நரம்படைவில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளும் முறையே குரலாகக் கொள்ளப்பட, செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்பன பிறக்கின்றன. செம்பாலையை அரிகாம்போதி எனக் கொண்ட எஸ். இராமநாதனின் முடிவின்படி, இவை முறையே அரிகாம்போதி, நடபைரவி, பஞ்சமம் இன்றி இரு மத்திமம் பெறும் ஓர் அடைவு, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி ஆகும்.

செம்பாலை எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' அதனைச் சங்கராபரணமாகக் கொள்கிறது. ஆயின் இவ்விரு கொள்கைகளுள் எதனை ஏற்பினும் கிடைக்கும் ஏழு அடைவுகள் அவையே. பெயர் பொருந்தும் வரிசை மட்டுமே மாறும். எவ்வாறு கணிப்பினும் ஆறு பாலைகள் 72 மேளத்துள் அடங்குகின்றன. ஒன்று அடங்காது வெளியே நிற்கிறது. அதற்குக் காரணம், மேள முறை பஞ்சமத்தை நிலைச்சுரமாகக் கொண்டமை. பாலை முறையில் ஆதாரம் இடம் பெயர்கிறது; மேள முறையில் ஆதாரமும் பஞ்சமமும் நிலைத்திருக்க, இடைச் சுரங்கள் மாறுகின்றன. முன்னது ஓர் அடைவின் உள்ளுறவுகளைக் காட்டுவது. பின்னது இயலக்கூடிய சேர்க்கைகளை எண்ணுவது. ஆகவே சுரச்சேர்க்கைகள் யாவும் 72இல் அடங்கும் என்னும் கூற்று, அம்முறையின் முன்விதிகளை ஏற்ற பின்னரே உண்மையாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பெருவழக்கிலுள்ள இராகங்களிற் பெரும்பகுதி, பாலை வரிசையில் அமையும் இந்த ஆறு மேளங்களையும் 15ஆம் மேளத்தையும் சார்ந்தே உள்ளன. கணக்கு எல்லா மேளத்திற்கும் ஒத்த இடம் தருகிறது; வழக்கு அவ்வாறு தரவில்லை.

7. மயிலாப்பூர்ப் பதிகமும் மேள எண்ணும்

மேள எண் கூறாது விடுவது யாது என்பதற்கு மயிலாப்பூர்க் கபாலீசுவரத்திற்குரிய திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் தக்க எடுத்துக்காட்டு. இதன் பண் சீகாமரம். ஓதுவார் மரபில் இது நாதநாமக்கிரியை இராகத்தில் பாடப்படுகிறது. இவ்விராகம் 15ஆம் மேளமான மாயாமாளவகௌளையின் ஜன்யம். சுரங்களைப் பொறுத்தவரை இவ்வகைப்பாடு சரியே. ஆயின் நாதநாமக்கிரியையின் தனித்தன்மை, மேல் சட்சத்தைத் தொடாது நிஷாதத்தில் முடியும் அதன் இயங்கெல்லையில் உள்ளது. நிஷாதாந்தியம் எனப்படும் இப்பண்பையும், தாழ்ந்து நடக்கும் அதன் நடையையும் மேள எண் தெரிவிப்பதில்லை. தமிழ்ப்பண்களை மேள எண்களோடு நிகர்ப்படுத்தும் அட்டவணைகள் பயனுடையவை. எனினும் அந்நிகர்ப்பாடு சுரங்களின் அளவில் நிற்பது என்பதை ஆய்வாளர் குறித்துச் செல்லுதல் வேண்டும்.

முடிவுரை

72 மேளகர்த்தா முறையின் சிறப்பு அதன் முழுமையிலும் நினைவில் நிற்கும் எளிமையிலும் உள்ளது. அது புதிய படைப்புகளுக்கும் வழிவகுத்தது. கோடீஸ்வர ஐயரின் 72 மேள உருப்படிகளை மயிலாப்பூரில் வாழ்ந்த எஸ். இராஜம் (1919–2010) பாடிப் பரப்பியமையால், விவாதி மேளங்களும் இசைக்கத்தக்கவை என்பது நிறுவப்பட்டது. வேங்கடமகி எதிர்காலத்திற்கென விட்டுவைத்த வெற்றிடங்கள் இவ்வாறு இசையாக நிரம்பின.

எனினும் கனகாம்பரி நிரல் 'இக்குழுவிற்குத் தலைமை தாங்கும் இராகம் எது?' என்னும் வினாவிற்கு விடை கூறுகிறது. கனகாங்கி நிரல் 'இவ்விராகத்தின் சுரங்கள் எவ்வடைவில் அமைகின்றன?' என்னும் வினாவிற்கு விடை கூறுகிறது. முன்னது இசை வழக்கிலிருந்து தொடங்குவது. பின்னது கணக்கிலிருந்து தொடங்குவது. பயிற்றுமுறையில் மூன்று மாற்றங்கள் பயன் தரும். மேள எண்ணோடு அவ்விராகம் பழைய நூல்களில் பெற்ற இடத்தையும் குறிப்பிடுதல் ஒன்று. அந்நிய சுரம் என்னும் சொல்லை வகைப்பாட்டுக் குறியீடாக மட்டும் விளக்குதல் மற்றொன்று. ஏழ்பாலை முறையை மேள முறையின் முன்னோடியாகச் சுருக்காது, தனக்கென நெறியுடைய வகைப்பாடாகக் கற்பித்தல் மூன்றாவது. மியூசிக் அகாதெமியும் அடையாறு நூலகமும் வெளியிட்ட மூலநூல்கள் இரண்டையும் சேர்த்துப் பயிலும் மாணவர்க்கு, முகாரி இன்று ஏன் 22இல் உள்ளது என்பது மனனம் செய்யும் விடையாக இராது; ஆராய்வதற்குரிய வினாவாக அமையும்.